டைனமோவக் கழட்டறதுக்கு முன்னாடி மீட்டர எடுங்க

ராத்திரி ஒம்போது மணி வாக்குல நானும் வீட்டம்மாவும் பொண்ணும் கார்ல வந்துட்டு இருக்கோம், டேஷ்போர்டுல சிவப்பா அந்த பேட்டரி படம் ஒரு தடவை மினுக்கிட்டு அணைஞ்சுது. ஏதோ லூஸ் கான்டாக்ட்டா இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி வந்துச்சு, இந்தத் தடவை அணையல. வீட்டுக்கு இன்னும் 20 கிலோமீட்டர் இருக்கு, ஹெட்லைட்டு எரியுது, ஏசி ஓடுது, பாட்டு ஓடுது, பின் கண்ணாடி ஹீட்டர் வேற போட்டு விட்டிருக்கேன்.

படம் பேட்டரி மாதிரி இருக்கறதால நெறைய பேர் பேட்டரி போச்சுன்னு முடிவு கட்டிடறாங்க. பேட்டரிக்கு சார்ஜ் ஏறலங்கறதத்தான் அந்த லைட்டு சொல்லுது. அதாவது ஆல்டர்னேட்டர், நம்ம மெக்கானிக்குங்க எல்லாரும் இன்னமும் டைனமோன்னே சொல்ற சாமான், கரண்ட் குடுக்கறத நிறுத்திடுச்சு, இனிமே இருக்கற பேட்டரிய வெச்சுத்தான் எஞ்சின் ஓடணும். ரோட்டுல இப்படி லைட்டு வந்தா நான் முதல்ல பாக்கறது டெம்பரேச்சர் முள்ளு. ஏன்னா பல வண்டில டைனமோவ சுத்தற அதே பெல்ட்டுதான் வாட்டர் பம்பையும் சுத்துது. பெல்ட்டே அறுந்து போயிருந்தா சார்ஜும் போகும், தண்ணி ஓட்டமும் நின்னுடும், அஞ்சாறு கிலோமீட்டர்ல எஞ்சின் வெந்துடும். முள்ளு ஏறுனா ஓரமா நிறுத்தி ஆஃப் பண்றதத் தவிர வேற வழி கிடையாது. முள்ளு அசையாம நடுவுல நின்னா பெல்ட்டு ஓடுதுன்னு ஓரளவு நம்பலாம், மெதுவா போகலாம்.

எங்களுக்கு முள்ளு நடுவுலயே இருந்துச்சு. ஏசி, பாட்டு, ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாத்தையும் அணைச்சேன், ஹெட்லைட்டு மட்டும் வெச்சுக்கிட்டேன். எங்கயும் எஞ்சின நிறுத்தவே இல்ல, நிறுத்துனா திரும்ப செல்ஃப் எடுக்காது. ராத்திரில ஹெட்லைட்டு, இக்னிஷன், பெட்ரோல் பம்பு, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேந்தா சுமாரா 20, 25 ஆம்பியர் இழுக்கும், சின்ன கார் பேட்டரி ஒண்ணு 35, 40 ஆம்பியர் அவர்தான், அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தா 35, 40 மணி நேரம் வரும், அதுலயும் வோல்டேஜ் இறங்க இறங்க கடைசிப் பகுதி நமக்கு உதவாது. கணக்கு போட்டா அரை மணி நேரம் தாங்கும்னு தோணுச்சு. தாங்குச்சு. வீட்டு வாசல்ல நிறுத்தும்போது ஹெட்லைட்டு வெளிச்சம் மஞ்சளா மங்கிப் போயிருந்துச்சு.

இங்கதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கு. சில வருஷம் முன்னாடி வேற ஒரு வண்டில இதே லைட்டு வந்தப்ப நேரா போய் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாவது நாள் புது பேட்டரியும் படுத்துடுச்சு. அப்புறம் டைனமோவ மாத்தினோம். அப்பவும் லைட்டு போகல. கடைசில பாத்தா டைனமோலேர்ந்து பேட்டரிக்கு வர்ற மெயின் ஒயரோட முனை உள்ளுக்குள்ள பச்சை பூத்து அரிச்சுப் போயிருக்கு. நல்லா இருந்த ரெண்டு சாமான தூக்கிப் போட்டுட்டு ஒரு ஒயர் முனைல வந்து நின்னோம். அதுக்கப்புறம் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன், அளக்காம ஸ்பேனர எடுக்கறதே இல்ல. டைனமோவக் கழட்டி மாட்டறது நாலு போல்ட்டு வேலை, பொறுமை இருக்கற யாரும் வீட்ல செய்யலாம். அதுலதான் பழுதுன்னு உறுதி பண்றதுதான் உண்மையான வேலை.

மீட்டர் இல்லாதவங்க செய்ற ஒரு சோதனை இருக்கு, அத தயவு செஞ்சு செய்யாதீங்க. எஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினல கழட்டி விடறது, வண்டி நிக்காம ஓடுனா டைனமோ நல்லா இருக்கு, நின்னுட்டா போச்சுன்னு அர்த்தமாம். இது நிஜ டைனமோ, அதாவது டி.சி. ஜெனரேட்டர், இருந்த காலத்து வழக்கம். 1960ல கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டர ஸ்டாண்டர்டா குடுக்க ஆரம்பிச்சாங்க, கரண்ட ஒரே பக்கமா மட்டும் விடற சிலிக்கான் டயோடு மலிவா கிடைக்க ஆரம்பிச்சதுதான் காரணம், அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியா மாறிட்டாங்க. சாமான் மாறிடுச்சு, பேரும் அந்தப் பழைய சோதனையும் மட்டும் ஒட்டிக்கிட்டே வருது. ஆல்டர்னேட்டர் நல்ல லோடுல ஓடும்போது திடீர்னு பேட்டரிய பிரிச்சா, அது வரைக்கும் பேட்டரிக்குள்ள போயிட்டு இருந்த கரண்டுக்கு போக இடம் இல்லாம வோல்டேஜ் எகிறும். தடுக்கற டயோடு இல்லாத சிஸ்டத்துல அரை செகண்டுக்கும் குறைவான நேரத்துல 80, 100 வோல்ட்டு வரைக்கும் போகலாம். இன்னிக்கு வண்டில எஞ்சின் கம்ப்யூட்டர், ஏர்பேக் கம்ப்யூட்டர், ஸ்டியரிங் கம்ப்யூட்டர்னு எல்லாமே அந்த 12 வோல்ட்டு லைன்லதான் தொங்குது. பேட்டரி அந்த லைனுக்கு ஒரு குளம் மாதிரி, ஏத்த இறக்கத்த எல்லாம் வாங்கிக்கும். ஓடுற வண்டில அதப் பிரிக்கறது கரைய வெட்டி விடற மாதிரி.

மறுநாள் காலைல மீட்டரோட ஆரம்பிச்சேன். எஞ்சின் ஆஃப்ல பேட்டரில வெச்சா 11.9. முழு சார்ஜுல ஓய்வா இருக்கற பேட்டரி 12.6 காட்டும், 12.2ன்னா கிட்டத்தட்ட பாதி, 11.9ன்னா அடில தங்கின மிச்சம். எப்படியோ முக்கி முனகி ஸ்டார்ட் ஆச்சு. ஓடும்போது 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் எங்கயாவது இருக்கணும். எனக்கு 11.8 காட்டிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்குச்சு. ஆக்சிலேட்டர் குடுத்தாலும் அசையல.

இத மட்டும் பாத்துட்டு டைனமோ போச்சுன்னு சொல்லிடக்கூடாது. அடுத்து மீட்டரோட சிவப்பு முனைய டைனமோ பின்னாடி இருக்கற தடி ஒயர் ஸ்டட்டுல, பி பிளஸ்னு சொல்வாங்க, அதுல வெச்சேன், கருப்பு பேட்டரி மைனஸ்ல. இங்க 14க்கு மேல காட்டி பேட்டரில 12 காட்டுனா டைனமோ பாவம் ஒழுங்கா வேலை செய்யுது, நடுவுல மெயின் ஃப்யூஸோ ஒயரோ போயிருக்குன்னு அர்த்தம். எனக்கு அங்கயும் 11.8தான். டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வெச்சுப் பாத்தேன், கிட்டத்தட்ட ஜீரோ. ஆனா கரண்டே ஓடாதப்ப வர்ற ஜீரோவ முழுசா நம்ப முடியாது, அதனால எர்த்து ஒயரோட ரெண்டு முனையையும் ஆட்டிப் பாத்து சுரண்டியும் பாத்தேன். சார்ஜ் ஆகிட்டு இருக்கற வண்டில லைட்டு ஃபேன் எல்லாம் போட்டு இதையே அளந்தா எர்த்து பக்கம் 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், பி பிளஸ்லேர்ந்து பேட்டரி பிளஸ் வரைக்கும் 0.3 வரைக்கும் போனா பரவால்ல. போன தடவை என்ன ஏமாத்தின அந்த பச்சை பூத்த ஒயர இந்த ஒரு அளவுல ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிருக்கலாம். அப்புறம் டைனமோவுல இருக்கற சின்ன ப்ளக்க பிடுங்கி, சாவி போட்டு, அதுக்கு கரண்ட் வருதான்னும் பாத்தேன், வந்துச்சு. ஃப்யூஸ் பாக்ஸையும் பாத்தாச்சு.

கடைசியா ஒரு சோதனை. எஞ்சின் ஓடும்போது சுத்தியலோட மரக் கைப்பிடிய வெச்சு டைனமோ பின்பக்கத்துல லேசா தட்டினேன். பெல்ட்டு பக்கம் கை போகாம, சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு, தொங்கற எதுவும் உடம்புல இல்லாம. இரும்ப வெச்சுத் தட்டிடாதீங்க, அங்கதான் பி பிளஸ் இருக்கு. ரெண்டாவது தட்டுல மீட்டர் 13.9க்குத் தாவுச்சு, ஒரு பத்து செகண்டு நின்னுது, திரும்ப விழுந்துடுச்சு. அந்த பத்து செகண்டுதான் எனக்கு பதில் சொல்லிடுச்சு. உள்ள சுருள் நல்லா இருக்கு, டயோடு நல்லா இருக்கு, வோல்டேஜக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரும் நல்லா இருக்கு. உள்ள சுத்தற சுருளுக்கு உரசிக்கிட்டே கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சு போய் தொடாம நிக்குது.

புது வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இங்க ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். இப்ப பல வண்டில எஞ்சின் கம்ப்யூட்டரே டைனமோவக் கட்டுப்படுத்துது, பெட்ரோல் மிச்சம் பண்ண பேட்டரி நிறைஞ்சிருந்தா வோல்டேஜ 12.7, 13 வரைக்கும் இறக்கிடும், பிரேக் போடும்போது 15 கிட்ட ஏத்தும். அந்த மாதிரி வண்டில 13ஐப் பாத்து பயந்துடக்கூடாது, ஹெட்லைட்டு ப்ளோயர் எல்லாம் போட்டு லோடு குடுத்துட்டு அளக்கணும். ஹைபிரிட் வண்டின்னா வீட்ல கையே வைக்க வேணாம், அதுல பலதுக்கு ஆல்டர்னேட்டரே கிடையாது, இருக்கறது உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ்.

டயோடு போனா குணமே வேற மாதிரி இருக்கும். சார்ஜ் பாதி ஏறும், டேஷ்போர்டு லைட்டு மங்கலா ஒரு செந்நிறத்துல எரியும், இல்லன்னா ராத்திரி நிறுத்தின வண்டில காலைல பேட்டரி காலியா இருக்கும், ஏன்னா கசியற டயோடு வழியா பேட்டரி கரண்ட் திரும்ப டைனமோவுக்குள்ளயே போயிட்டு இருக்கும். மீட்டர ஏ.சி.ல வெச்சு பேட்டரில அளந்து அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா டயோட சந்தேகப்படலாம், ஆனா சில மலிவு மீட்டர ஏ.சி.ல திருப்பி சும்மா இருக்கற டி.சி. பேட்டரில வெச்சாலே இருபத்தஞ்சுன்னு உளறும், அதனால எஞ்சின் ஆஃப்லயும் ஒரு தடவை அளந்து மீட்டர முதல்ல சோதிச்சுக்கோங்க.

பிரஷ்தான்னு தெரிஞ்ச பிறகு பிரஷ் மட்டும் மாத்தலாம், பல மாடல்ல ரெகுலேட்டரும் பிரஷும் ஒரே செட்டா பின்பக்கம் ரெண்டு மூணு ஸ்க்ரூல வந்துடும். நல்ல நிலைல இருக்கற டைனமோவுக்கு அதுதான் நியாயமான வைத்தியம். எனக்கு பேரிங்கும் கொஞ்ச நாளா முனகிட்டு இருந்துச்சு, நீட்டு ஸ்க்ரூ டிரைவரோட முனைய பாடில வெச்சு கைப்பிடிய காதுல வெச்சுக் கேட்டா உள்ள மணல அரைக்கற மாதிரி ஒரு சத்தம். அதனால முழுசா மாத்திடலாம்னு முடிவு பண்ணேன்.

வாங்கும்போது கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாக்கணும். வண்டி மாடலும் வருஷமும் மட்டும் சொன்னா போதாது, ஒரே மாடல்ல ரெண்டு மூணு வகை வந்திருக்கும். பழசோட லேபிள்ல இருக்கற நம்பர், எத்தன ஆம்பியர், ப்ளக்குல எத்தன பின்னு, அது என்ன வடிவம், புல்லில எத்தன பள்ளம், போல்ட்டு ஓட்டைங்களுக்கு நடுவுல இருக்கற தூரம், இது எல்லாம் ஒண்ணா இருக்கணும். புல்லி வகையையும் பாருங்க. சில வண்டில ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு இன்னொரு பக்கம் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி வழுக்கற புல்லி இருக்கும், அதுக்கு பதிலா சாதா புல்லி போட்டா பெல்ட்டு துள்ளும், பெல்ட்ட இறுக்கமா பிடிச்சு வெக்கற டென்ஷனர் சீக்கிரம் போகும். அப்புறம், பழைய டைனமோ ஏன் போச்சுன்னும் மேல அண்ணாந்து ஒரு தடவை பாருங்க. மேல இருந்து ஆயிலோ கூலன்ட்டோ அது மேல சொட்டிட்டு இருந்தா முதல்ல அத அடைக்கணும், இல்லாட்டி புதுசுக்கும் அதே கதிதான்.

ஞாயித்துக்கிழமை காலைல எஞ்சின் நல்லா ஆறுன பிறகு ஆரம்பிச்சோம். பொண்ணு டார்ச் பிடிக்கறேன்னு வந்து நின்னா. முதல்ல பேட்டரி மைனஸ், 10 நம்பர் ஸ்பேனர். "ஏன்ப்பா மைனஸ் முதல்ல?"ன்னா. பிளஸ்ஸ கழட்டும்போது ஸ்பேனர் தவறி பாடில பட்டா அப்படியே நேர் ஷார்ட்டு, பாடி முழுசும் மைனஸ்தான், ஸ்பேனர் அங்கயே பத்தி ஒட்டிக்கும். மைனஸ்ஸ எடுத்துட்டா அப்புறம் எது எதுல பட்டாலும் சர்க்யூட்டு முழுசாகாது. இது வெறும் சம்பிரதாயம் கிடையாது, பி பிளஸ் ஒயருக்கு நடுவுல எந்த சுவிட்சும் இல்ல, சாவி கைல இருந்தாலும் அந்த ஸ்டட்டுல எப்பவும் பேட்டரி கரண்ட் நிக்கும். கழட்டுன முனைய ஒரு துணில சுத்தி தானா போய் தொடாத மாதிரி ஒதுக்கி வெச்சோம். ரேடியோவுக்கு கோடு கேக்கற வண்டின்னா முன்னாடியே தேடி எழுதி வெச்சுக்கோங்க.

அப்புறம் போட்டோ. பெல்ட்டு எந்தெந்த புல்லில எப்படி சுத்துதுன்னு, எந்த ஒயர் எந்தக் கிளிப்புல போகுதுன்னு நாலு பக்கமும் எடுத்து வெச்சேன். கழட்டும்போது எல்லாம் ஞாபகம் இருக்கும்னுதான் தோணும், மூணு மணி நேரம் கழிச்சு மாட்டும்போது இருக்காது.

என் வண்டில மேல் போல்ட்டும் அட்ஜஸ்டரும் மேல இருந்து எட்டுது, அடி போல்ட்டுக்கு சக்கரத்துப் பக்கம் இருந்துதான் வழி. ஜாக்கி வெச்சு தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, வண்டிய ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டு சக்கரத்தக் கழட்டி உள்பக்க பிளாஸ்டிக்க எடுத்தேன். வெறும் ஜாக்கில நிக்கற வண்டிக்கு அடில கைகூட விடக்கூடாது, எத்தன வருஷ அனுபவம் இருந்தாலும் சரி. மேல லாக் போல்ட்ட லூஸ் பண்ணி அட்ஜஸ்டர் போல்ட்ட திருப்பத் திருப்ப டைனமோ எஞ்சின் பக்கம் சாஞ்சு பெல்ட்டு தொளதொளன்னு ஆச்சு, எடுத்தேன். ஆட்டோ டென்ஷனர் இருக்கற வண்டில ஸ்பேனர் போட்டு டென்ஷனர ஒரு பக்கமா திருப்பிப் பிடிச்சுக்கிட்டே பெல்ட்ட எடுக்கணும், அந்த ஸ்பிரிங்கு நல்ல பலமா இருக்கும், சட்டுனு விட்டா விரல் போயிடும்.

பெல்ட்டு எடுத்ததும் மத்த புல்லிங்களையும் கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துடுங்க, இந்த சான்ஸ் திரும்பக் கிடைக்காது. வாட்டர் பம்பு ஆடுதா, பெல்ட்டுக்கு வழி காட்டற ஐட்லர் புல்லில சத்தம் வருதா. பெல்ட்டையும் பாருங்க. பழைய ரப்பர் பெல்ட்டுல வெடிப்பு விடும், இப்ப வர்ற ஈ.பி.டி.எம்.ங்கற செயற்கை ரப்பர் பெல்ட்டுல வெடிப்பு அவ்வளவா தெரியாது, பள்ளம் தேஞ்சு அகலமாகிடும். நான் புது பெல்ட்டே போட்டேன்.

ப்ளக்குல இருக்கற லாக்குதான் ரொம்ப அவசரப்படக்கூடாத இடம். பத்து வருஷ சூட்டுல அந்த பிளாஸ்டிக் அப்பளமா ஆகியிருக்கும், ஒயரப் பிடிச்சு இழுத்தா ஒயர் மட்டும் கைக்கு வரும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால லாக்க லேசா அமுக்கி, ப்ளக்கோட உடம்பப் பிடிச்சு, முன்னுக்கு ஒரு தடவை தள்ளிட்டு பின்னுக்கு இழுத்தா வந்துடும். பி பிளஸ் நட்டு மேல ரப்பர் தொப்பி இருக்கும், விலக்கிட்டு நட்ட எடுத்து அதே ஸ்டட்டுல திருப்பி மாட்டி வெச்சேன், உருண்டு எஞ்சினுக்குள்ள எங்கயாவது போயிடக் கூடாதுன்னு.

எல்லா போல்ட்டும் வந்துடுச்சு. டைனமோ வரல.

இத யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, புதுசா செய்றவங்க பயந்து போறதும் இங்கதான். அடி போல்ட்டு போற காதுல ஒரு சின்ன இரும்பு புஷ் இருக்கு, போல்ட்ட முறுக்க முறுக்க அது நகர்ந்து எஞ்சின் பிராக்கெட்ட ரெண்டு பக்கமும் இறுக்கமா கவ்விக்கும். வருஷக்கணக்கா அப்படியே கவ்விட்டு இருந்தது, போல்ட்டு போனதும் விட்டுடாது. மறந்த போல்ட்டு ஏதாவது இருக்கான்னு மறுபடி தேடினேன், போட்டோவப் பாத்தேன், இல்ல. இடுக்குல துருவுக்கு போடற ஸ்ப்ரே அடிச்சுட்டு கால் மணி நேரம் விட்டேன். அப்புறம் ஒரு கடப்பாரை ஸ்க்ரூ டிரைவர காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல குடுத்து, ஒரு பக்கமா நெம்பாம மேலயும் கீழயும் மாத்தி மாத்தி ஆட்டினேன். பிராக்கெட் அலுமினியம், ஒரே பக்கம் பலத்த காட்டுனா உடையும். ஒரு மில்லி வந்துச்சு, ரெண்டு மில்லி வந்துச்சு, திடீர்னு மொத்தமும் கைல விழுந்துச்சு. ஆறு கிலோ இருக்கும், ஒரு கையால தாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க, அடில ஒரு கைய முதல்லயே குடுத்து வெச்சுக்கோங்க.

பொண்ணு அதத் தூக்கிப் பாத்தா, புல்லிய சுத்தினா, காத்து ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்ள பாத்தா. "அப்பா, காந்தம் சுத்தினா கரண்ட் வரும்னு ஸ்கூல்ல படிச்சோம், ஃபாரடே கண்டுபிடிச்சது. இதுல காந்தம் எங்கப்பா இருக்கு?" ஒரு ஸ்பேனர எடுத்து பாடி மேல எல்லாம் வெச்சுப் பாத்தா, எங்கயும் ஒட்டல.

நல்ல கேள்வி, டைனமோவோட ரகசியமே அதுலதான் இருக்கு. "நிரந்தர காந்தம் இதுல இல்லம்மா, சாயங்காலம் காட்டறேன், இப்ப இத மாட்டிடலாம்"னேன்.

பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒண்ணொண்ணா ஒப்பிட்டோம். புல்லி ஓரத்துல ஒரு நேர் சட்டத்த வெச்சு ரெண்டும் ஒரே அளவு முன்னாடி நீட்டுதான்னும் பாத்தேன், ரெண்டு மில்லி வித்தியாசம் இருந்தாலும் பெல்ட்டு கோணலா ஓடி ஓரம் பிஞ்சுடும். புது டைனமோவோட அந்த புஷ் நல்லா உள்ள தள்ளி இருந்துச்சு, அப்படியே வெச்சா பிராக்கெட்டுக்குள்ள நுழையாது. ஒரு பழைய சாக்கெட்ட வெச்சு சுத்தியலால தட்டி அத மூணு மில்லி பின்னுக்கு நகர்த்தினேன், அப்புறம் வெண்ணெய் மாதிரி உள்ள போச்சு. இத செய்யாம புதுச அடிச்சு நுழைக்கப் பாத்துதான் பலர் காத உடைக்கறாங்க.

போல்ட்டு எல்லாத்தையும் முதல்ல விரலாலயே அஞ்சாறு சுத்து ஏத்தினேன், அலுமினிய மரை கோணலா பிடிச்சா அவ்வளவுதான். பெல்ட்டு போட்டு ஒவ்வொரு பள்ளத்துலயும் உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாத்து, அட்ஜஸ்டர இறுக்கி, ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டை விரலால நல்லா அழுத்துனா ஒரு சென்டிமீட்டர் கிட்ட அமுங்கற மாதிரி வெச்சேன். சரியான அளவு அந்தந்த வண்டி மேனுவல்ல இருக்கும், அதத்தான் பாக்கணும். லூஸா இருந்தா காலைல கீச்சுனு கத்தும், ரொம்ப இறுக்குனா டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்பு பேரிங்கும் சேந்து போகும். பி பிளஸ் ஒயர் முனைய எமரி பேப்பர்ல பளபளன்னு தேச்சுட்டு மாட்டினேன், நட்ட அளவாத்தான் இறுக்கணும், அந்த ஸ்டட்டு ஒடிஞ்சா புது டைனமோ பாழ். லூஸா விட்டாலும் அங்க சூடாகி உருகும், 70 ஆம்பியர் போற இடம் அது. 14 வோல்ட்டு பெருக்கல் 70 ஆம்பியர், 980 வாட்டு, ஒரு குதிரைத்திறன் 746 வாட்டு, அதாவது ஒரு குதிரைக்கு மேல வேலை அந்த ஒரு நட்டு வழியாத்தான் போகுது.

உடனே ஸ்டார்ட் பண்ணல. பேட்டரிய தனியா சார்ஜர்ல போட்டு நிறைச்சுட்டுத்தான் மாட்டினேன். காலியான பேட்டரிய அப்படியே விட்டா டைனமோ முதல் நாளே முழு மூச்சா நெடு நேரம் ஓடி சூடேறும். ஓடற வண்டிக்கு ஈடு குடுத்து பேட்டரிய நிறைவா வெச்சுக்கறதுதான் அதோட வேலை, செத்த பேட்டரிய எழுப்பறதுக்கு சார்ஜர்தான் சரி.

சாயங்காலம் பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசில. சாவி போட்டதும் சிவப்பு லைட்டு எரிஞ்சுது, ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சுது. பொண்ணு மீட்டரப் பிடிச்சுட்டு நிக்கறா. "14.3 ப்பா." ஹெட்லைட்டு போட்டேன், ப்ளோயர ஃபுல்லா வெச்சேன், பின் கண்ணாடி ஹீட்டர். "14... 13.9... நிக்குது." ஒரு செகண்டு எஞ்சின் சத்தம் கனத்துது, லோடு ஏறறப்ப புல்லிய சுத்தறது நெஜமாவே கஷ்டமாகுது, அந்த சத்தத்துலயே அது தெரியும். எஞ்சின் ஓடும்போதே அந்த வயர் முனை அளவையும் எடுத்தோம், பிளஸ் பக்கம் 0.1, எர்த்து பக்கம் அதுக்கும் கீழ. ஒரு வாரம் கழிச்சு பெல்ட்டு டென்ஷன ஒரு தடவை திரும்பப் பாக்கணும், புது பெல்ட்டு கொஞ்சம் தளரும்.

அப்புறம் பழச பிரிச்சோம். மாத்து சாமானுக்கு பழச திருப்பிக் குடுக்கணும்னா பிரிக்காதீங்க, எனக்கு அந்தக் கட்டாயம் இல்ல. பின்மூடியக் கழட்டி பிரஷ் செட்ட எடுத்ததும் கருப்பா மாவு மாதிரி கார்பன் தூள் கொட்டுச்சு. ரெண்டு பிரஷ்ல ஒண்ணு கூண்ட விட்டு நகக்கண் அளவுதான் வெளிய நீட்டுது, இன்னொண்ணு ஸ்பிரிங்கு தள்ள முடியாத அளவுக்கு உள்ளயே நின்னுடுச்சு. அது தொட வேண்டிய செம்பு வளையத்துல விரல் வெச்சா தெரியற அளவுக்கு ஒரு பள்ளம். ஒரு கட்டை விரல் நகத்த விட சின்ன ஒரு கார்பன் துண்டு.

நாலு நீட்டு போல்ட்டக் கழட்டி ரோட்டர உருவினேன். ரெண்டு பக்கமும் விரல் கோத்த மாதிரி இரும்பு நகம், நடுவுல செம்புச் சுருள், அச்சோட முனைல ரெண்டு வளையம். சாவி போட்டதும் பேட்டரிலேர்ந்து கொஞ்சம் கரண்ட் அந்த பிரஷ் வழியா, வளையம் வழியா, இந்தச் சுருளுக்குள்ள போகும், அப்பதான் இந்த இரும்பு காந்தமாகும், ஒரு நகம் வடக்கு, அடுத்தது தெற்கு. அது சுத்தறப்ப வெளில இருக்கற மூணு சுருள்ல ஏ.சி. கரண்ட் பிறக்கும், குறைஞ்சது ஆறு டயோடு சேந்து அத டி.சி. ஆக்கும். வோல்டேஜ் ஏறுனா ரெகுலேட்டர் உள்ள போற அந்தக் கொஞ்ச கரண்ட குறைக்கும், இறங்குனா கூட்டும். நிரந்தர காந்தமா இருந்தா இப்படி ஏத்தி இறக்க முடியாது, நெடுஞ்சாலைல போறப்ப எஞ்சின் வேகத்துக்கு வோல்டேஜும் ஏறிட்டே போயிடும்.

மீட்டர ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு வளையத்துக்கும் நடுவுல அளந்தோம், மூணு ஓம்ஸ் கிட்ட. "12ஐ மூணால வகுத்தா?"ன்னேன். "நாலு ஆம்பியர்." சார்ஜர்லேர்ந்து எடுத்த பழைய பேட்டரி ஒண்ணுல ஒரு ஃப்யூஸோட ரெண்டு ஒயர் எடுத்து, ஒண்ண ஒரு வளையத்துல நான் அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன், இன்னொண்ண அடுத்த வளையத்துல தொட்டேன். சின்னதா ஒரு பொறி. பொண்ணு கைல இருந்த 17 நம்பர் ஸ்பேனர் டக்குனு நகத்துல போய் ஒட்டிக்கிச்சு.

இழுத்துப் பாத்தா. வரல. கால மேடைல உதைச்சு ரெண்டு கையாலயும் இழுத்தா, ரோட்டரும் சேந்து வருது. ஒயர எடுத்தேன், ஸ்பேனர் கையோட வந்துச்சு.

"இன்னொரு தடவைப்பா"ன்னா.